பிரேக் தேயாத சைக்கிள்

மாப்பிள்ளைக்கு வாங்கும் பழைய மலை சைக்கிளில் குறை இருந்தால் குடும்ப மானமே போய்விடும் என்று பெரியவர் கடையில் குனிந்தும் நிமிர்ந்தும் சோதித்தார்.

"ஃபிரேம்ல விரிசல் இல்ல. செயின் நல்லாத் தேஞ்சிருக்கு. பிரேக் கட்டை மட்டும் எப்படிப் புதுசாவே இருக்கு?"

"ஓட்டினது ஒரு அம்மாங்க," என்றார் மெக்கானிக். "இறக்கத்துல பிரேக் பிடிக்கிறது கேவலம்னு சொல்வாங்க."

"அடங்காத பொம்பளையா இருக்கே. வீட்ல கேக்க ஆளில்லையா?"

"வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பாம். அவர்கிட்ட வாக்கிங்னு சொல்லிட்டு வந்து, இங்கேர்ந்து எடுத்துட்டுப் போவாங்க. இப்ப இதைவிட வேகமானது வாங்கிட்டாங்க."

"அந்த ஆளோட முகத்தை நான் பாக்கணுமே," என்று சிரித்துக்கொண்டே பெரியவர் சீட்டைத் தடவினார். கை அப்படியே நின்றது.

சீட்டின் உறை நீலக் கட்டம் போட்ட துணி. அதில் பேனா மைக்கறையோடு ஒரு சட்டைப் பை. துவைக்கப் போட்ட இடத்தில் காணோம் என்று மனைவி சொன்ன அவருடைய சட்டை.

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சீட்டை என் உயரத்துக்கு ஏத்துங்க."

"மாப்பிள்ளைக்குன்னு சொன்னீங்களே?"

"எங்க வீட்டு வேகத்தை அவர் தாங்க மாட்டார்."