இரண்டாம் பெயருக்கான கட்டம்

மேசையின் தலைமாட்டில் பல்கலைக்கழகப் பணிமதிப்பீட்டுக் குழுத் தலைவர் குணவதி, வலப்பக்கம் இயற்பியல் துறை சேவியர், எதிரே வரலாற்றுத்துறை நல்லசிவம். அவரருகே, அவரோடு சேர்ந்து எழுதிய கூட்டாசிரியருக்கான நாற்காலி காலியாக இருந்தது.

எல்லாத் துறைக்கும் ஒரே பங்களவுக் கருவிதான். பிறரோடு சேர்ந்து எழுதியதை மட்டுமே அளக்கும். நல்லசிவம் தனியாக எழுதிய புத்தகத்துக்குப் பூஜ்யம் காட்டியது.

"இன்னொரு பேர் இல்லாட்டி வேலை போயிடும் சார்," என்று படிவத்தில் இரண்டாம் பெயருக்கான கட்டத்தைக் காட்டினார் குணவதி.

"எங்க கட்டுரையில மூவாயிரம் பேரு. பாதிப்பேரை நானே பாத்ததில்ல. ரெண்டு பேரைத் தரட்டுமா?" என்று சிரித்தார் சேவியர்.

"யாராவது படிச்சுப் பாத்திருப்பாங்களே சார்? டீயாவது போட்டுக் குடுத்திருப்பாங்களே?" என்றார் குணவதி.

நல்லசிவம் புத்தகம் எழுதிய பதினோரு வருஷத்தையும் மனத்துக்குள் புரட்டினார். ஒரு முகமும் வரவில்லை.

மாலையில் குழுவுக்குக் கடிதம் எழுதினார்: 'இரண்டாம் பெயருக்கான கட்டத்தை நிரப்ப இயலவில்லை. என்னுடன் யாரும் இருக்கவில்லை. இக்கடிதத்தையும் வேறு யாரும் படித்துப் பார்க்கவில்லை, பிழையிருந்தால் பொறுத்தருள்க.'

உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டார்.