போச்சு சோப்பு

“கெட்ட செய்திம்மா. முதல்ல உக்காருங்க” என்றார் வக்கீல்.

சோப்பம்மா உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாகப் ‘போச்சு’ சோப்பு தயாரித்து விற்கிறவர். அதனால் ஊருக்கே சோப்பம்மா. அழுக்கு போச்சு என்பதிலிருந்து வந்த பெயர் என்று வக்கீலே நினைத்துக்கொண்டிருந்தார், கேட்டதில்லை. கூட வந்த தம்பி, ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிறவர், பையை மடியில் வைத்தபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்த அம்மாவை வக்கீலுக்குப் புரிந்ததே இல்லை. ஆறு வருஷமாக, ஒவ்வொரு வெளிநாடாக டிரேட்மார்க் பதிவு செய்யச் சொல்கிறார். ஆனால் அந்த நாடுகள் எதிலும் ஒரு சோப்புகூட விற்றதில்லை. “உலகத்தையே குளிப்பாட்டப் போறாங்க போல” என்று ஆபீஸ் டைப்பிஸ்ட் சிரிப்பாள்.

விண்ணப்பம் போட்டால், அந்த நாட்டு அரசு இதழில் பேரை அச்சடிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுதிப் போட வேண்டும். கெடு முடிகிற அன்றைக்கு சோப்பம்மாவிடமிருந்து தவறாமல் போன் வரும்.

“யாராவது எதிர்த்தாங்களா சார்?”

“ஒரு ஈ காக்கா இல்லம்மா! பேர் நமக்குத்தான்.”

“ம்... சரி. அடுத்த நாட்டுக்குப் போடுங்க.”

அவ்வளவுதான். குரலில் சந்தோஷமும் இருக்காது, சலிப்பும் இருக்காது. பதினொரு நாட்டுச் சான்றிதழும் உறைகூடப் பிரிக்காமல் அக்காவின் பீரோவில் கிடக்கின்றன என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தார்.

முதல் விண்ணப்பத்தின்போது, “உங்களுக்கு அப்புறம் கம்பெனியை யாரும்மா பாத்துப்பாங்க?” என்று வக்கீல் பேச்சுவாக்கில் கேட்டார்.

“பொண்ணு இருக்கா.”

“எந்த ஊர்ல இருக்காங்க?”

சோப்பம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சார், கையெழுத்து எங்க போடணும்?” என்று தம்பிதான் கேட்டார். வக்கீலும் அதோடு விட்டுவிட்டார்.

இப்போது கோப்பைப் பிரித்தபடி தொண்டையைச் செருமினார். “பன்னெண்டாவது நாட்டுல மாட்டிக்கிட்டோம்மா. ஒருத்தி எதிர்ப்பு மனு போட்டிருக்கா.”

சோப்பம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்தது.

“யாரு?”

“ஏதோ சின்னக் கடைக்காரி. வீட்லயே சோப்பு காய்ச்சி விக்கறாளாம். பேரைப் பதிவு பண்ணலை, ஆனா நாலு வருஷமா இதே பேர்லதான் வியாபாரம்ங்கறா. எழுத்து மாறாம நம்ம பேரு.”

தம்பி பையைக் கீழே வைத்தார்.

“பயப்படாதீங்க. நம்மகிட்ட இருபத்தாறு வருஷ ஆதாரம் இருக்கு. ஒரே அடியில கடையையே மூட வெச்சிடலாம். அவ சொல்ற காரணத்தைக் கேளுங்க, சிரிச்சிடுவீங்க.” வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நாட்டு மொழியில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

“‘சோப்புன்னு சொல்ல வராம, ரெண்டு வயசுல நான் போச்சு போச்சுன்னு சொல்வேன். அந்த வார்த்தை என்னோடது. என்னை வேண்டாம்னு கதவைச் சாத்தினவங்களுக்கு, என் வார்த்தை மட்டும் எதுக்கு?’ கேட்டீங்களா கதையை? இதையெல்லாம் எந்த ஆபீஸ்லயாவது எடுத்துப்பாங்களா?”

அவர் மட்டும்தான் சிரித்தார். எதிரே இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“பதில் மனு ரெடி பண்ணட்டுமாம்மா? எட்டு வாரம்தான் டைம்.”

“அதைக் குடுங்க சார்.”

வாங்கியவர் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துக்கு மேல் விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே இருந்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. அதை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டார்.

“இதுல இருக்கறது விலாசமா சார்?”

“ஆமாம்மா. கடையும் அதுதான், வீடும் அதுதான். நம்ம பதிலை அங்கதான் அனுப்பணும்.”

“அக்கா...” என்றார் தம்பி.

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு நாடு போனா போகட்டும்மா, மனசைத் தளர விடாதீங்க. அடுத்த நாட்டுக்கு இன்னிக்கே விண்ணப்பம் போட்டுடலாம். எந்த நாடுன்னு சொல்லுங்க.”

சோப்பம்மா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இனிமே எந்த நாட்டுக்கும் போட வேண்டாம் சார், என் பொண்ணு கெடைச்சிட்டா.”