படிப்பு ஏறும் சத்தம்

ஓசூர் சிப்காட்டில் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து, ரோஷன் மாலையில் வீடு திரும்பினான். அவன் மனைவி எஸ்லின் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே அறை வீடு. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தான் தூங்கினால் அவள் படிப்பு கெடும் என்றுதான், போன வாரம் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

“வீடுதான் இப்ப அமைதியா இருக்குதே. அப்புறம் எதுக்கு இயர்போன்?”

“ரொம்ப அமைதியா இருந்தா மனசு எங்கெங்கியோ போவுதுங்க. இந்தச் சத்தம் ஓடினாதான் படிக்கிறது மண்டையில ஏறுது.”

“யூடியூப்ல மழைச் சத்தம், அருவிச் சத்தம்னு போடறாங்களே, அதுவா?”

“அதெல்லாம் கேட்டுப் பார்த்தேன், சரிப்படல. இது நானே ரெக்கார்ட் பண்ணது.”

ரோஷன் ஒரு பக்க இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்தான். முகம் சுளித்தான்.

“என்னது இது, கல்குவாரி கிரஷர் ஓடற மாதிரி இருக்குது? நடுவுல விசில் வேற. இதைக் கேட்டா படிக்கிற?”

எஸ்லின் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

“உங்க குறட்டைதாங்க அது. பக்கத்துலயே இருக்கீங்கன்னு மனசு அடங்கிடுது.”