அரைகுறை மெக்கானிக்

"மேடம், இன்னிக்கு இது நாலாவது தடவை! அந்த அரைகுறை வந்து தொட்டா மிஷின் ஓடுது, அந்தப் பக்கம் போனா நின்னுடுது. முதல்ல ஆளை மாத்துங்க!"

கடைசி வரிசைத் தையல்காரி இப்படிக் கத்தியதும் மொத்தக் கூடமும் ஆமாம் போட்டது. ஒரு வாரத்தில் ஏழு மிஷின்களுக்கு இதே கதி. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தலைகுனிந்து நின்றார்.

"வெளியிலேருந்து ஆளை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் சூப்பர்வைசர். "அவர் சரி பண்ணிட்டார்னா, நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரிங்க மேடம்."

இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிற மனுஷன், ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

வந்தவர் மிஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து சிரித்தார்.

"இது ரிப்பேரே இல்ல மேடம். கார்டுல யாரோ ஒரு சுவிட்ச் வச்சிருக்காங்க. கார்டைத் தூக்கினா மிஷின் நிக்கும், இறக்கினா ஓடும். பண்ணினவர் பெரிய கைகாரர்!"

அந்தக் கூடத்தில் கார்டு என்றால் இரண்டு. ஒன்று, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. இன்னொன்று, ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கும் சின்னக் கம்பி. இரண்டையும் யாரும் சட்டை செய்வதில்லை. கம்பி கண்ணை மறைக்கிறது என்று எல்லாரும் தூக்கிவிட்டுத்தான் தைப்பார்கள்.

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" சூப்பர்வைசர் மெக்கானிக்கை முறைத்தார்.

"கார்டை இறக்கச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன் மேடம். வேகம் குறையும், வேண்டாம்னீங்க. நான் சுவிட்ச் வச்சதைச் சொல்லியிருந்தா அதையும் கழட்டச் சொல்லியிருப்பீங்க." அவர் கடைசி வரிசைத் தையல்காரியைக் காட்டினார். "போன மாசம் இந்தத் தங்கச்சி விரல்ல ஊசி இறங்கினப்ப, சக்கரத்தைக் கையால சுத்தி எடுத்துவிட்டது நான்தான். அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு."

கடைசி வரிசைத் தையல்காரி தன் விரலிலிருந்த தழும்பைப் பார்த்தாள். கார்டை இறக்கினாள். மிஷின் ஜோராக ஓடியது.

சூப்பர்வைசர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"இன்னும் பதினோரு மிஷின் நல்லா ஓடுதே அண்ணே... அதையெல்லாம் எப்ப ரிப்பேர் ஆக்கப் போறீங்க?"