நாலாவது விளக்கு

மேசையில் மூன்று நெட்வொர்க் கார்டுகள் பச்சையாய்ச் சிமிட்டுகின்றன. நாலாவது மட்டும் கல்லுளிமங்கன் போல இருண்டு கிடக்கிறது. இந்தக் கார்டுகளை இயக்கும் நான்கு டிரைவர் நிரல்களிலும் பொதுவாக இருந்த வரிகளை ஒரே கோப்பில் சேர்த்தவள், மேசை முன் உட்கார்ந்திருக்கும் அவள்தான். காலையிலேயே அது நெட்வொர்க் வழியாகக் கம்பெனியின் எல்லாக் கிளை அலுவலகங்களுக்கும் போய்விட்டது. மின்விசிறி இரைகிறது. அவளோடு வேலை பார்க்கும் மூத்தவரான தாடி அண்ணன், தான் எழுதிய பழைய டிரைவரைத் திறந்து, திரையில் விரலை ஊன்றுகிறார். "இந்த நாலாவது கார்டு கண் முழிக்க நேரமாகும்னு, காத்திருக்கச் சொல்லி ஒரு வரி வெச்சிருந்தேனே, எங்கம்மா?" "மத்த மூணுலயும் இல்லையேன்னு எடுத்துட்டேண்ணே." அந்த வரியைத் தட்டி மறுபடி ஏற்றுகிறாள். நாலாவது விளக்கும் பச்சையாகிறது. அவளுக்குப் போன உயிர் திரும்புகிறது. "இப்பவே எல்லாக் கிளைக்கும் அனுப்பிடறேண்ணே." அவர் முகம் இளகவில்லை. "இந்தக் கார்டு இருக்கிற கிளையில நெட்வொர்க்கே செத்துக் கிடக்கு. எது வழியா அனுப்புவே?" அவள் விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நிற்கிறது.