கை நீட்டியவர்

மானகிரி முதியோர் இல்லத்துக்குள் கோபிநாத் கத்திக்கொண்டே நுழைந்தான்.

"சாப்பாட்டு ஹால்ல எங்கம்மாவை ஒருத்தன் அறைஞ்சிருக்கான். நீங்கள்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்தீக?"

"தடுக்குறதுக்குள்ள கை நீட்டிட்டாரு சார்," என்றாள் மேனேஜர் கிருஷ்ணப்ரியா. "அவருக்கு முந்தி அம்மா சாப்பிட உக்காந்துட்டாகளாம்."

"அதுக்கு அறைவானா? அவன்லாம் மனுசனா? போலீஸைக் கூப்பிடுறேன். இன்னைக்கே அந்தாளை வெளிய அனுப்புங்க!"

"அனுப்பிரலாம். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். அவரு உங்க அப்பா."

எடுத்த செல்போன் சட்டைப் பைக்குள் போனது. சற்றுமுன் மனுசனே இல்லை என்று தீர்ப்பான ஆள், அதற்குள் மனுசனாகிவிட்டார்.

"அட, அப்பாவா? நான் யாரோன்னு பதறிட்டேன். வீட்டுலயும் அப்படித்தாங்க. குடும்பத்துக்குள்ள நடக்குறதுதானே?"

"அம்மாவை வேற ரூமுக்கு மாத்திட்டோம்."

"அதெல்லாம் வேணாம். புருசன் பொண்டாட்டியைப் பிரிச்சு வச்சா ஊரு சிரிக்கும்."

வீங்கிய கன்னத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட அம்மா உள்ளே வந்தாள்.

"ஏன்டா, யாரோ அடிச்சாத்தான் எனக்கு வலிக்குமா? அந்தப் போனை இங்குட்டுக் குடு. போலீஸை நான் கூப்பிடுறேன்."