அடுப்படிக்கு ஒரு ட்யூப் லைட்

"விளக்குன்னு வச்சா வந்தவன் கண்ணுல படணும், இல்லாட்டி..." என்று அப்பா ஏதோ சொல்வார். பின்பாதி சத்தியநாதனுக்கு மறந்துபோய்விட்டது. முன்பாதியே போதுமென்று, மேற்குத் தாம்பரம் வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் ஹாலில் ட்யூப் லைட் மாட்டினார். அடுப்படிக்குப் பதினைந்து வாட்ஸ் பல்பு. அதுவும் புகையேறிக் கத்திரிக்காய் மாதிரி தொங்கியது.

"என்னங்க, உள்ளேயும் ஒரு ட்யூப் லைட் போட்டா என்ன? கடுகு வெடிச்சுதா, கருகிச்சான்னே தெரியல" என்பாள் மனைவி தபீதாள்.

"வெடிச்சா காது சொல்லும். கருகினா மூக்கு சொல்லும். இதுக்குக் கண்ணு எதுக்கு?"

"குழம்புல பல்லி விழுந்தா?"

"ஜெபம் பண்ணிட்டுத்தானே சாப்பிடறோம்?"



மகள் பியூலாவுக்குப் பல்லாவரத்திலிருந்து வரன் வந்தது. பையன் எட்மண்ட். பேங்க் உத்தியோகம். பியூலாவுக்கும் பிடித்துப்போனது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சத்தியநாதன், செருப்பைக்கூடக் கழற்றாமல் ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று கத்தினார்.

"இந்த இடம் வேண்டாம்!"

தபீதாள் பதறினாள். "ஏங்க? பையன் குடிக்கிறானா?"

"பையன் தங்கம். ஆனா அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அழுதுவடியற மாதிரி ஒரே ஒரு பல்பு. பையனோட அம்மா பாவம், தடவித் தடவிக் காப்பி கலக்கறாங்க. கட்டின பொண்டாட்டியை இருட்டுல விட்டுட்டு, அந்த ஆள் ஹால்ல காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். மனுஷனா அவர்? என் பொண்ணு அங்க போய்க் கண்ணைக் கெடுத்துக்கணுமா?"

தபீதாள் அவரையே பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள் பியூலா.

"அந்த பல்பு எத்தனை வாட்ஸ்ப்பா?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

"அப்ப எனக்குப் பத்து வாட்ஸ் லாபம். நான் அங்கேயே போறேன்."

சத்தியநாதன் குனிந்து செருப்பைக் கழற்றினார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது, நாலடி நீள அட்டைப்பெட்டி ஒன்றைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினார்.

வாசலில் அதைப் பார்த்ததுமே தபீதாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பியூலா, ஸ்டூலை எடுத்துட்டு வாம்மா, சீக்கிரம்!" என்றவள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிச் சுவரில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய்! பெட்டியை யாரும் பிரிச்சுடாதீங்க" என்று சத்தியநாதன் அதைப் பீரோவின் தலையில் பத்திரமாக வைத்தார்.

கல்யாணச் சீரோடு அதைப் பல்லாவரத்து அடுப்படிக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருந்தார்.